சிங்கத்தைக் காணோம்

(மயிலாப்பூரில் மாலைக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2025 அக்டோபர் முதல் வாரத்தில் சென்னைப் பத்திரிகைகளில் ஒரு சிங்கம் தலைப்புச் செய்தியானது. பெயர் ஷெர்யார். பெங்களூரு பன்னர்கட்டாவிலிருந்து வண்டலூருக்கு வந்த இளம் ஆண் சிங்கம். சஃபாரிக்கென்று ஒதுக்கிய சுமார் ஐம்பது ஏக்கர் காட்டில் அதைத் திறந்துவிட்டார்கள். பொழுது சாய்ந்ததும் இரை காத்திருக்கும் இரவுக் கூடத்துக்குத் தானே வந்துவிட வேண்டும், அதுதான் வழக்கம். அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஆட்கள் குழு குழுவாகத் தேடினார்கள். டிரோன் பறந்தது. வளாகத்தை விட்டு வெளியே போகவில்லை என்று நிர்வாகம் அறிவித்தது. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் கேலிப் பேச்சுக்கும் பஞ்சமில்லை. சில நாளில் ஷெர்யார் தன்பாட்டுக்குக் கூடத்துக்கு வந்துசேர்ந்தது.

‘சிங்கத்தைக் காணோம்’ என்பது அந்த வாரம் செய்தி. மற்ற வாரங்களில் அதுவே புகார். ஞாயிற்றுக்கிழமை மாலை வண்டலூர் வாசலில் வெளியே வரும் குடும்பங்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், முதலில் வருவது அதுதான். மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறி, வண்டலூரில் இறங்கி, பெரியவருக்கு 200 ரூபாய் டிக்கெட் எடுத்து, வெயிலில் கால் கடுக்க நடந்து போனால் புலி வால் நுனியை மட்டும் காட்டிவிட்டுப் புதருக்குள் படுத்துக்கொள்கிறது. தி.நகர் ஜவுளிக்கடையில் வாங்காவிட்டாலும் அம்பது புடவையை எடுத்துப் போட்டுக் காட்டுகிறார்கள். இங்கே காசு கொடுத்தும் காட்ட மாட்டேன் என்றால் எப்படி?

கேள்வி நியாயமானதுதான், சிரித்து ஒதுக்க வேண்டியதில்லை. காசு கொடுத்தவர் கண்ணில் விலங்கு பட வேண்டும். விலங்குக்கோ கண்ணில் படாமல் ஒதுங்க ஓர் இடம் வேண்டும். மிருகக்காட்சி சாலைகளைப் பற்றி உலகில் நடக்கும் வாதங்களில் பல இந்த முடிச்சில்தான் வந்து நிற்கின்றன. சென்னைக்கு இதில் நூற்றெழுபது ஆண்டு அனுபவம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்பதற்காகத்தான் இந்த மாலை.

இந்த ஊரில் மிருகக்காட்சி சாலை பிறந்ததே பார்வையாளர் கூட்டத்தால்தான். 1851-ல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்துக்கு முதல் பொறுப்பாளராக இருந்தவர் டாக்டர் எட்வர்ட் பால்ஃபர், படைப்பிரிவு மருத்துவர். எழும்பூர் பாந்தியன் வளாகத்தில் அவர் ஒரு புலிக்குட்டியையும் சிறுத்தையையும் உயிரோடு வைத்திருந்தார். கல்லும் சிப்பியும் பாடம் செய்த பறவையும் பார்க்க வராத ஜனம், இவற்றைப் பார்க்க வந்து குவிந்தது. டாக்டர் கணக்குப் போட்டார். கர்நாடக நவாபிடம் பேசி, அவர் வளர்த்துவந்த விலங்குகளையும் வாங்கிக்கொண்டார். 1855-ல் மிருகக்காட்சி சாலை முறையாகத் தொடங்கியது. அடுத்த ஆண்டுக்குள் முந்நூறுக்கு மேற்பட்ட உயிர்கள் சேர்ந்துவிட்டன. இந்தியாவின் முதல் பொது மிருகக்காட்சி சாலை இதுதான் என்று பெருமையாகச் சொல்வார்கள். வங்காளத்தில் பாரக்பூரில் கவர்னர் ஜெனரலின் தோட்டத்து விலங்குக் கூட்டம் அதற்கும் முந்தியது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

1860-களில் விலங்குகள் சென்ட்ரலை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. பிறகு மாநகராட்சி நிர்வாகம், பக்கத்தில் மூர் மார்க்கெட், எதிரே ரயிலின் கூச்சல். அருங்காட்சியகம் ‘செத்த காலேஜ்’, மிருகக்காட்சி சாலை ‘உயிர் காலேஜ்’ என்று ஊர் பேர் வைத்ததும் நிலைத்தது. இந்த அவையில் நரைத்த தலைகள் சில உண்டு. அவர்களுக்கு அந்தக் கூண்டுகள் நினைவிருக்கும். சிமெண்ட் தரை, இரும்புக் கம்பி, நாலு எட்டு வைத்தால் சுவர். அங்கே ‘காணோம்’ என்ற புகாருக்கே இடமில்லை. விலங்குக்கு ஒளிய மூலை கிடையாது. பார்வையாளரின் திருப்தியை மட்டும் அளவுகோலாக வைத்தால், பீப்பிள்ஸ் பார்க்தான் இதுவரை சென்னையில் இருந்ததிலேயே மிகச் சிறந்த மிருகக்காட்சி சாலை.

அந்தப் பூங்காவின் வரலாற்றில் ஒரு கறுத்த பக்கமும் உண்டு. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று சென்னையே மூட்டை கட்டியது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் சிங்கமும் புலியும் தெருவில் இறங்கிவிடுமே என்ற பயத்தில் அவற்றைச் சுட்டுவிட உத்தரவானது. மலபார் ஸ்பெஷல் போலீஸார் வந்து கூண்டுக்குள்ளேயே சுட்டுத் தள்ளினார்கள். மக்கள் பிறகு ஊர் திரும்பிவிட்டார்கள். நகரத்தின் நடுவில் கம்பிக்குப் பின்னால் புலியை வைத்திருப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிட வெளிப்படையான விளக்கம் இந்த ஊருக்குத் தேவையில்லை. ஆனாலும் இடம் மாற்ற இன்னும் நாற்பது ஆண்டுக்கு மேல் ஆனது.

1976-ல் வண்டலூர் காப்புக்காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கினார்கள். 1979-ல் வேலை தொடங்கியது. 1985 ஜூலை 24 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்துவைத்தார். 2001-ல் இன்னும் கொஞ்சம் காடு சேர்ந்து இப்போது சுமார் 1,490 ஏக்கர். கம்பி போய் அகழி வந்தது.

இந்த அகழிக்கு ஒரு கதை உண்டு. ஜெர்மனியில் ஹாம்பர்க் அருகே ஸ்டெல்லிங்கன் என்ற இடத்தில் 1907-ல் கார்ல் ஹாகன்பெக் என்ற விலங்கு வியாபாரி திறந்த பூங்காதான் உலகத்துக்கே முன்மாதிரி. சிங்கத்துக்கும் மனிதனுக்கும் நடுவே கம்பிக்குப் பதில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம். பார்க்கிறவருக்கு ஆப்பிரிக்கச் சமவெளியில் நிற்பதுபோல் ஒரு மயக்கம். மனுஷன் நல்ல ஷோமேன். விலங்குகளோடு நிறுத்தவில்லை, இலங்கையிலிருந்து யானைகளோடு மனிதர்களையும் கூட்டிப்போய் ஐரோப்பிய நகரங்களில் காட்சிக்கு வைத்தவர். அவருடைய தம்பி முறையான ஜான் ஹாகன்பெக் கொழும்பிலேயே தொழில் நடத்தினார். தெஹிவளை மிருகக்காட்சி சாலையின் வேர் அவர் சேர்த்த விலங்குக் கூட்டத்தில்தான் இருக்கிறது, 1936-ல் அதை அரசு எடுத்துக்கொண்டது. ஆகவே, அகழி பிறந்தது விலங்கின் சுகத்துக்காக மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. அது முதலில் நம் கண்ணை ஏமாற்றப் பிறந்தது. விலங்குக்குப் புல்லும் மரமும் கிடைத்தது கூடுதல் லாபம்.

அகழி பார்வையாளருக்குக் கொடுக்கும் தைரியம் வேறு மாதிரி ஆபத்து. 2014 செப்டம்பரில் டெல்லி மிருகக்காட்சி சாலையில் ஓர் இளைஞர் வெள்ளைப் புலியின் அகழிக்குள் விழுந்தார். மேலே நின்ற கூட்டம் கல்லெறிந்து, கத்தி, புலியை விரட்டப் பார்த்தது. சில நிமிடங்களில் புலி அவரைக் கழுத்தில் கவ்விக்கொண்டது. அந்த வீடியோவை இந்த அவையில் பலரும் பார்த்திருப்பீர்கள்.

சுவிட்சர்லாந்தில் ஹைனி ஹெடிகர் என்று ஒருவர் இருந்தார். பெர்ன், பாசல், சூரிச் என்று மூன்று ஊர்களின் மிருகக்காட்சி சாலைகளுக்கும் இயக்குநர். விலங்கு காட்டில் சுதந்திரமாகத் திரிகிறது என்பதே மனிதனின் கற்பனை என்றார் அவர். காட்டுப் புலிக்கும் எல்லை உண்டு, வழக்கமான பாதை உண்டு, தண்ணீர் குடிக்க ஓர் இடம், படுக்க ஓர் இடம், நகம் கீற ஒரு மரம் உண்டு. அதனால் ஏக்கர் கணக்கைவிட அந்த ஏக்கருக்குள் என்னென்ன இருக்கிறது என்பதே பெரிது. இன்னொன்றும் சொன்னார்: ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு தப்பியோடும் தூரம் உண்டு. அதற்குள் எதிரி வந்தால் ஓட வேண்டும். ஓட இடமில்லாத அடைப்பில் அந்த விலங்கு நாள் முழுக்க ஓடத் தயாராக நின்றுகொண்டே இருக்கும். நமக்கு அது ‘நல்லா நின்னு போஸ் குடுக்குது’.

இப்போது வண்டலூர் புலி அடைப்பின் முன்னால் மதியம் பன்னிரண்டு மணிக்கு நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தடுப்புச் சுவரில் ஒரு அப்பா பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்திருக்கிறார். புலி மர நிழலில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. “அப்பா, செத்துப்போச்சா?” “இல்லடா, தூங்குது.” பின்னாலிருந்து ஒருவர் கைதட்டுகிறார். இன்னொருவர் விசிலடிக்கிறார். ஒரு காது மட்டும் திரும்புகிறது. “பாத்தியா, உசுரு இருக்கு!” அரை நிமிஷம் கழிகிறது. “சரி வா, யானைக்குப் போலாம்.”

புலி பகலில் தூங்குவது சோம்பலால் இல்லை. சிங்கம் ஒரு நாளில் பதினாறிலிருந்து இருபது மணி நேரம் படுத்தே கழிக்கக்கூடியது. காட்டிலும் அப்படித்தான். ஆனால், அதற்கு மேல் நிர்வாக ஏற்பாடு ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. பார்வையாளர் கவனத்துக்கு வராத விஷயம் இது. இந்தியப் பூங்காக்களில் பெரிய பூனைகளுக்கு இரை பெரும்பாலும் மாலையில், இரவுக் கூடத்துக்குள். காட்சி மேடையில் எதுவும் கிடைக்காது. அந்த வெட்டவெளியில் புலிக்கு வேலையே இல்லை. மாலை நெருங்கியதும் அது எழுந்து இரும்புக் கதவோரம் இங்கும் அங்கும் நடக்கத் தொடங்கும். திரும்பும் இடம்கூட மாறாது. புல் தேய்ந்து மண் தடம் விழுந்திருக்கும். ‘ஆஹா, புலி சுறுசுறுப்பா ஆயிடுச்சு’ என்று செல்போன்கள் உயர்கின்றன. அது சுறுசுறுப்பு இல்லை. கதவு எப்போது திறக்கும் என்ற காத்திருப்பு. நாள்பட்டால் நோயாகவே படிந்துவிடும் நடை.

அடைப்பை மேம்படுத்த வேண்டும் என்றால் நம் பார்வையாளர்கள் கேட்பது பெரும்பாலும் பெரிய கண்ணாடி, கிட்டத்தில் பார்க்க மேடை, செல்ஃபி எடுக்க இடம். கேட்க வேண்டியது வேறு. இரையில் ஒரு பங்கைப் பகலிலேயே அடைப்புக்குள் அங்கங்கே ஒளித்து வைக்க முடியுமா? மரக்கட்டையில் வாசனை தடவி வைத்தால் புலி அதைத் தேடி எழாதா? கரடிக்குத் தேனைத் துளைக்குள் ஊற்றி வைத்தால் நாள் முழுக்கத் தோண்டிக்கொண்டிருக்குமே? இவை செலவில்லாத வேலைகள். கோடையில் வண்டலூரில் இதன் ஒரு துளியைப் பார்க்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் கரடிக்குப் பழங்களை வைத்து உறையவைத்த ஐஸ் கட்டி, யானைக்கு ஷவர், குரங்குக்குத் தர்பூசணி. பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் வருடா வருடம் தவறாமல் போய்விடுவார்கள். ஐஸ் கட்டியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து நக்கும் கரடியை யாரும் கைதட்டி எழுப்ப வேண்டியதில்லை. கூட்டம் தானே வாயடைத்து நிற்கும். அப்படியானால் பார்வையாளர் விருப்பமும் விலங்கின் தேவையும் எதிரெதிர் என்று முன்னால் சொன்னது பாதிதான் சரி. விலங்குக்குச் செய்ய ஒரு வேலை கொடுத்தால் இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. கோடைக்கு மட்டும் ஏன் என்பதுதான் கேள்வி.

பெயர்ப் பலகை விஷயத்துக்கும் வரலாம். ‘சிங்கம், அறிவியல் பெயர் இது, வாழும் நாடு இது, கர்ப்ப காலம் இத்தனை நாள்.’ பல பூங்காக்களில் பலகை இவ்வளவோடு முடிந்துவிடுகிறது. பலகைக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சிங்கம் யார்? 2021 ஜூன் 3 அன்று நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கம் வண்டலூரில் கொரோனாவில் இறந்தது. மாதிரிகள் போபாலில் உள்ள தேசிய ஆய்வுக்கூடத்துக்குப் போயின. ஒன்பது சிங்கங்களுக்குத் தொற்று உறுதியானது, டெல்டா வகை. இரண்டு வாரம் கழித்துப் பத்மநாதன் என்ற பன்னிரண்டு வயது ஆண் சிங்கமும் போனது. ஊரடங்கில் பூங்கா பூட்டியிருந்த நேரம், பார்வையாளர் ஒருவர்கூட இல்லை. முதலமைச்சர் நேரில் போய்ப் பார்த்தார். நாடு முழுக்கச் செய்தி. நீலா என்று ஒரு சிங்கம் இருந்தது இறந்த பிறகுதான் மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் தெரிந்தது. அதற்கு முன் எத்தனையோ பேர் அதன் முன்னால் நின்று ‘செத்துப்போச்சா?’ என்று கேட்டிருப்பார்கள். இது எங்கே பிறந்தது, எதற்குப் பயப்படும், யாரோடு ஒத்துப்போகாது என்று நாலு வரி எழுதி வைத்தால் அந்த அரை நிமிஷம் ஐந்து நிமிஷமாகும். காப்பாளர்களைக் கேட்டால் நாற்பது வரி சொல்வார்கள். அவர்களுக்குத் தெரிந்ததில் நூற்றில் ஒரு பங்குகூடப் பலகைக்கு வருவதில்லை.

வெள்ளைப் புலிக்கு மட்டும் விளம்பரம் குறைவில்லை. 2006-ல் டெல்லியிலிருந்து பீஷ்மரும் அனுவும் வண்டலூர் வந்தன. 2018-ல் நடிகர் சிவகார்த்திகேயன் அனுவைத் தத்தெடுத்தார். அடுத்த ஆண்டு விஜய் சேதுபதி ஆதித்யா, ஆர்த்தி என்ற இரண்டு வெள்ளைப் புலிகளுக்கு ஐந்து லட்சம் ரூபாய் கொடுத்தார். நல்ல மனசு, நல்ல காரியம். தீவனச் செலவுக்குக் கைகொடுக்கிற பணம். இருந்தாலும் ஒரு சங்கடத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வெள்ளைப் புலி தனி இனம் கிடையாது. 1951-ல் ரேவா மகாராஜா மார்த்தாண்ட சிங் பிடித்த மோகன் என்ற ஒரே குட்டியிலிருந்து, அப்பனுக்கும் மகளுக்கும் கூட இணைசேர்த்துப் பெருக்கிய வம்சம்தான் இன்று பூங்காக்களில் இருக்கும் பெரும்பாலான வெள்ளைப் புலிகள். மாறுகண், நரம்புக் கோளாறு எல்லாம் அந்த உறவுக் கலப்பின் சீதனம். காட்டில் புலியைக் காப்பாற்ற இவற்றால் ஆவது ஒன்றுமில்லை. அதே வண்டலூரில் மேற்குத் தொடர்ச்சி மலையின் சிங்கவால் குரங்குக்கு இனப்பெருக்கத் திட்டம் நடக்கிறது. உலகில் வேறெங்கும் காட்டில் இல்லாத, நம் சோலைக்காட்டு விலங்கு அது. அதன் முன்னால் நிற்கிறவர்கள் எத்தனை பேர்? பார்வையாளர் கருத்தைக் கேட்டு மட்டும் பூங்கா நடத்தினால் வெள்ளைப் புலி பத்து வரும், சிங்கவால் குரங்கு ஓரத்துக்குப் போகும்.

பார்வையாளர்களுக்கு மிகப் பிரியமான ஒன்றை வேண்டாம் என்று முடிவெடுத்த பூங்காவும் உண்டு. சிங்கப்பூரில் 1990-ல் இனுகா என்ற பனிக்கரடி பிறந்தது, வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் பனிக்கரடி. சிங்கப்பூர்த் தமிழர்கள் பள்ளிச் சுற்றுலாவில் பார்க்காத ஆளில்லை. அந்த வெக்கையில் அதன் ரோமத்தில் பாசி படிந்து பச்சையாகத் தெரிந்த காலமும் உண்டு. இனிமேல் பனிக்கரடியைக் கொண்டுவருவதில்லை என்று பூங்கா அறிவித்தது. இனுகாவுக்குக் குளிரூட்டிய புது இருப்பிடம் கட்டி, முதுமை வரை பார்த்துக்கொண்டது. 2018 ஏப்ரல் 25 அன்று, 27 வயதில், வலி தாங்காத நிலையில் கருணைக் கொலை. ஊர் அழுதது. அடுத்த பனிக்கரடி வரவில்லை. டெல்லியில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஜிம்பாப்வே நாடு 1990-களில் பரிசாக அனுப்பிய ஷங்கர் என்ற ஆப்பிரிக்க யானை, துணையை இழந்தபின் இருபது ஆண்டுக்கு மேல் தனியாகவே இருந்து 2025 செப்டம்பரில் இறந்தது. யானை கூட்டத்தில் வாழும் பிராணி என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. வழக்கு, மனு எல்லாம் நடந்தும் துணை வரவில்லை.

நம் ஊருக்குத் திரும்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை. 1976-ல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கியது; இந்தியாவில் முதலை அழிந்துபோகும் நிலையில் இருந்தபோது அதைப் பெருக்குவதற்கென்றே வந்த இடம். பெருகியது, அளவுக்கு மீறியே பெருகியது. ஆயிரம் சதுப்புநில முதலைகளை குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்ப அனுமதி வாங்கினார்கள். அதை எதிர்த்துப் போட்ட பொதுநல வழக்கை 2022-ல் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. முதலைக்கு இன்னொரு கஷ்டம்: அது அசையாது. மணிக்கணக்கில் வாயைத் திறந்துகொண்டு கல்போலக் கிடப்பதுதான் அதன் பிழைப்பு. நம் ஆட்கள் உண்மையா பொம்மையா என்று பார்க்கக் கல்லை விட்டெறிவார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஜே பிரிவு இதைத் தெளிவாகக் குற்றம் என்கிறது. மிருகக்காட்சி சாலை விலங்கைச் சீண்டக் கூடாது, காயப்படுத்தக் கூடாது, தீனி போடக் கூடாது, சத்தம் போட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது. சட்டம் கல்லைத் தடுத்ததா என்பது வேறு. பண்ணைக்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். முதலைக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தண்ணீரிலிருந்து கரையேறி வரும், குச்சி முனையைத் தொடும், இரையை வாங்கிக்கொண்டு போகும். மூளை என்று ஒன்று இருக்கிறதா என்று நாம் சந்தேகப்படும் பிராணி தன் பெயர் எது என்று தெரிந்து வைத்திருப்பதைப் பார்த்தவன் கையிலிருக்கிற கல்லைக் கீழே போட்டுவிடுவான்.

விட்டேகரின் கைவண்ணம் இன்னொன்று நம் வாசலிலேயே இருக்கிறது, 1972-ல் கிண்டிக்கு வந்த பாம்புப் பண்ணை. ஒரு காலத்தில் பாம்பைக் கையில் எடுத்துக் காட்டும் நேரத்துக்குத்தான் அங்கே கூட்டம் அலைமோதும். பக்கத்திலேயே சிறுவர் பூங்கா. சுமார் 30 கோடி ரூபாய் செலவில் புதுப்பித்து 2024 செப்டம்பரில் சிறுவர் இயற்கைப் பூங்கா என்ற பெயரோடு மறுபடி திறந்தார்கள். நிழல் பாதை, பெரிய பறவைக்கூடம், குழந்தைகள் ஓடி விளையாட இடம் எல்லாம் வந்திருக்கின்றன. அடுத்த மாதமே கதீட்ரல் சாலையில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா, அதிலும் அயல்நாட்டுப் பறவைகளுக்குக் கூடம். மயிலாப்பூரிலிருந்து ஆட்டோ தூரத்தில் அயல்நாட்டுக் கிளி வந்துவிட்டது.

ஆனால், கிண்டியில் விசேஷம் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 1978-லிருந்து தேசியப் பூங்காவாக இருக்கும் 2.7 சதுர கிலோமீட்டர் காடு. ஒரு மாநகரத்தின் நடுவில் வெளிமானும் புள்ளிமானும் தானாக வாழும் இடம் உலகில் அதிகம் இல்லை. அங்கேயிருந்து ஐஐடி வளாகத்துக்கும் ஆளுநர் மாளிகைக்கும் மான்கள் பரவியிருக்கின்றன. அவற்றுக்கு அடைப்பு கிடையாது, பலகை கிடையாது, டிக்கெட் கிடையாது. அடையாறுவாசிகள் தூக்கியெறிந்த பிளாஸ்டிக்தான் உண்டு. இறந்த மானை அறுத்துப் பார்த்தால் வயிற்றில் பை பையாக இருந்தது என்ற செய்தி பல முறை வந்திருக்கிறது. அடைப்பை மேம்படுத்துவது பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கை யாரும் எடுப்பதில்லை, ஏனென்றால் இங்கே குற்றவாளி நிர்வாகம் இல்லை.

வண்டலூரிலும் அடைப்பில்லாத காட்சி ஒன்று உண்டு. வளாகத்துக்குள் இருக்கும் ஓட்டேரி ஏரி. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் கூழைக்கடாவும் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் தாமாக வந்து கூடு கட்டும். வறட்சியில் ஏரி வற்றினால் பறவையும் வராது.   ஏரிக்கரையில் மறைந்து நின்று பார்க்க ஓலைத் தட்டி வைத்த ஒரு மறைவிடமும் வாடகைக்கு இரண்டு பைனாகுலரும் போதும். புலி தூங்கும் மதிய வேளையில் கூட்டத்தில் ஒரு பகுதியை அங்கே திருப்பலாம். புது இரும்பு வேண்டாம், வெளிநாட்டு விலங்கும் வேண்டாம்.

பார்வையாளர் சொல்வதெல்லாம் அற்பம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. குடிதண்ணீர் எங்கே, கழிப்பறை எங்கே, வயதானவர்களுக்குப் பேட்டரி கார் ஏன் இத்தனை நேரம் காக்கவைக்கிறது, நிழல் இல்லாத நீளப் பாதையில் பெஞ்சு ஏன் இல்லை, இவையெல்லாம் நியாயமான கேள்விகள். களைத்துப்போன ஆள்தான் கைதட்டுவான். நிழலில் உட்கார இடம் கிடைத்தவன் பத்து நிமிஷம் பொறுமையாகப் பார்ப்பான்; அந்தப் பத்து நிமிஷத்தில் புலி ஒரு தரமாவது எழுந்து தண்ணீர் குடிக்கும். அடைப்பின் முன்னால் போடும் பெஞ்சும் அடைப்பை மேம்படுத்துவதில் சேர்த்திதான். ‘இந்த அடைப்பில் இரை வைக்கும் நேரம் இத்தனை மணி’ என்று ஒரு பலகையும் அப்படித்தான்.

கடைசியாக, நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய ஒன்று. செவ்வாய்க்கிழமை வண்டலூருக்கு விடுமுறை. வாரத்தில் ஒரு நாளாவது மனிதக் குரல் இல்லாமல் விலங்குகள் இருக்கட்டும் என்ற ஏற்பாடு.  பொங்கலை ஒட்டிச் செவ்வாய் வந்தால் மட்டும் மக்கள் வசதிக்காகத் திறந்து வைப்பார்கள். காணும் பொங்கலன்று பல்லாயிரம் பேர் வருகிறார்கள். குழந்தை காணாமல் போனால் கண்டுபிடிக்கக் கையில் பெற்றோர் போன் நம்பரோடு பட்டை கட்டி அனுப்புகிறார்கள். திறந்து வையுங்கள், மக்களுக்கும் வருடத்தில் ஒரு நாள்தான். அப்படித் திறந்துவைக்கிற ஆண்டில், பொங்கல் கூட்டம் வடிந்த அடுத்த வாரத்தில் இரண்டு நாள் சேர்த்து மூடிவிடுங்கள். அறிவிப்பைப் பத்து நாள் முன்னாலேயே போட்டால், மாம்பலத்திலிருந்து யாரும் வீணாக ரயில் ஏறி வர மாட்டார்கள்.